அயெந்தே விண்கல்லின் வெள்ளைத் திட்டுகள்

1969 பிப்ரவரி 8 பின்னிரவில், மெக்சிகோவின் சிவாவா மாநிலத்தில் அயெந்தே விண்கல் சிதறி விழுந்தது. அதன் அறுத்த முகத்தைப் பார்ப்பதே தனி இன்பம். கரிய பரப்பில் உருண்டை மணிகள். நடுநடுவே வெள்ளைத் திட்டுகள். கால்சியமும் அலுமினியமும் செறிந்த அந்தத் திட்டுகளின் வயது சுமார் 456.7 கோடி ஆண்டுகள். இளஞ்சூரியனைச் சுற்றிய சூடான வாயு குளிர்ந்தபோது முதன்முதலில் திடமானவை அவை. பூமி அப்போது பிறக்கவே இல்லை.

1976இல் கால்டெக் ஆய்வாளர்கள் அவற்றில் அளவுக்கு மிஞ்சிய மக்னீசியம்-26ஐக் கண்டார்கள். சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறையும் கதிரியக்க அலுமினியம்-26 அங்கே இருந்து சிதைந்ததற்கான தடயம் அது. அந்தச் சிதைவின் வெப்பம்தான் தொடக்ககாலச் சிறுகோள்கள் பலவற்றை உள்ளிருந்தே உருக்கியது. பூமியின் பாறைகளோ உருகி, உருமாறி, தம் தொடக்கத்தை இழந்துவிட்டன. உருகாமல் தப்பிய இந்தக் கல் அதைக் காத்து வைத்திருப்பதுதான் அதன் பேரழகு.