வழிகாட்டியின் குரல்: மலைபடுகடாம் முதல் கொட்டகலைப் பாதை வரை

காட்டினூடே பல நாள் நடந்து திரும்பியோர் எழுதும் நூல்களை ஆராயப் புகுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, விலங்கை முதலிற் கண்டவர் யார் என்பதாகும். எழுதியவர் பெரும்பாலும் முதலிற் கண்டவரல்லர். முன்னே சென்றவன் நின்றான், கையாற் காட்டினான், பின்னே வந்தவர் கண்டார், கண்டவர் எழுதினார். எழுத்திலோ முன்னே சென்றவன் மறைந்துவிடுகிறான். இம்மறைவு தற்செயலானதன்று, அவ்விலக்கிய வடிவத்தின் அமைப்பிலேயே ஊன்றியது என்பது மலைநாட்டைப் பற்றிய காட்டுப் பயண எழுத்துக்களை நோக்குவார்க்குப் புலனாகும்.

இவ்வினா இன்று எழுவதற்குக் காரணம் உண்டு. கண்டிக்கு அண்மையிலுள்ள அந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் நீளும் 'பீக்கோ பாதை' 22 கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. தேயிலைத் தோட்டங்களின் பழைய வண்டிப்பாதைகளும் கொழுந்தெடுப்போரின் ஒற்றையடிப் பாதைகளுமே இதற்கு அடித்தளம். புசல்லாவைப் பக்கத்து மலைகளைக் கடந்து வருவோர் பூண்டுலோயா, வட்டகொடை வழியாகக் கொட்டகலையை அடைகின்றனர். அங்கிருந்து நோர்வூட், பொகவந்தலாவை, டயகம எனப் பாதை மேலேறி, ஹோர்ட்டன் சமவெளியை அடுத்த மலைக்காட்டின் ஓரத்தைத் தொடுகிறது. அச்சமவெளியும் சிவனொளிபாதமலை வனமும் நக்கிள்ஸ் காடும் ஒருங்கே 2010இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றைக் காண வருவோர்க்கு வழிகாட்டிகள் தேவை. அவ்வேலையைத் தேடுவோரில் தோட்டத்து லயங்களிற் பிறந்த இளைஞரும் உளர். அவர்களது இடம் பயண எழுத்தில் எது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தமிழ் மரபு இவ்விடத்துத் தனித்து நிற்கிறது. வழிகாட்டியே பேசுகின்ற ஓர் இலக்கிய வகையை, ஆற்றுப்படை என்ற பெயரில், அது பண்டே வகுத்துக் கொண்டது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் நன்னனின் மலைநாட்டினூடே செல்லும் பல நாட் பயணத்தை உரைப்பது. பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டில், போய்த் திரும்பிய கூத்தன் எதிர்ப்பட்ட கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். பாட்டுடைத் தலைவன் நன்னனேயாயினும், பாட்டின் பெரும்பகுதியைத் தாங்குவது பாதையறிவு. தினைப்புனத்திற் பன்றிக்கு வைத்த பொறிகள் உள்ளன, ஆகவே விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். பாம்பு உறையும் குழிகளைக் குறித்து எச்சரிக்கிறான். யானையை விரட்டப் புனங்காப்போர் எறியும் கவண்கற்கள் எப்படி வரும், அவற்றுக்கு எப்படி ஒதுங்குவது என்று கூறுகிறான். பாசி படிந்த வழுக்குப் பாறையிற் கொடியைப் பற்றி நடக்கச் சொல்கிறான். வழி தவறினால் கைக்கருவிகளை இசையுங்கள், கானவர் கேட்டு வந்து உதவுவர் என்பதும் அவன் கூற்றே.

பாட்டுக்குப் பெயர் தந்த ஒலிப்பட்டியல் இதனினும் சிறந்தது. மலையாகிய யானையின் மதத்தோடு ஒப்பிடப்படும் அவ்வொலிகளில் விலங்கொலி தனித்து நிற்பதில்லை. மாந்தர் துயரும் தொழிலும் அதனோடு கலந்தே கேட்கின்றன. பிளவிடையே விழுந்த குட்டிக்காகக் கதறும் மந்தியின் ஒலிக்கு அயலே, முள்ளம்பன்றியாற் புண்பட்ட கானவரின் அழுகை. புலி பாய்ந்த கணவனின் புண் ஆறவேண்டிப் பாடும் கொடிச்சியரின் பாட்டுக்கு அயலே, தினை குற்றுவோரின் வள்ளை. வேங்கைப் பூக்கொய்வோரின் ஆரவாரமும் அங்கே கேட்கிறது. காடென்பது மாந்தர் அற்ற வெளி என்ற எண்ணம் இப்புலவருக்கு இல்லை. வழிகாட்டி அக்காட்டின் மாந்தரை அறிந்தவன். எனவே அவன் சொல்லும் காடு ஆட்கள் நிறைந்த காடாயிற்று.

இதனோடு ஒப்பிடத்தக்கவை சாமுவேல் பேக்கரின் இரு நூல்கள். 1848இல் நுவரெலியாவிற் குடியேறிய பேக்கர் 1854இலும் 1855இலும் தம் இலங்கை அனுபவங்களை வெளியிட்டார். நடை ஓட்டமுடையது, மலைக்குளிரும் மூடுபனியும் அந்நூல்களில் உயிரோடு விளங்குகின்றன என்பதை மறுப்பதற்கில்லை. மரையை நாய்களால் துரத்திக் கத்தியாற் கொல்லும் வேட்டை அவருக்கு வீரம். கவனிக்கத்தக்கது யாதெனில், ஸ்மட், கில்பக், புளூபியர்ட் எனும் வேட்டைநாய்கள் பெயரும் குணமும் பெற்று நாடக மாந்தர் போல உலவுவதாகும். தடமறிவோரின் திறனை ஆசிரியர் புகழாமல் இல்லை. ஆயினும் சுமை தூக்கியோரும் புதர் வெட்டியோரும் பெரும்பாலும் 'கூலிகள்' என்ற பன்மைக்குள் அடங்கிவிடுகின்றனர். நாய்க்குத் தனிப்பெயர், ஆளுக்குத் தொகைப்பெயர்: அந்நூல்களின் அழகியல் முழுவதும் இவ்வேறுபாட்டின்மீது எழுப்பப்பட்டது எனலாம்.

அதே காலத்தில் வேறொரு காட்டுப் பயணமும் நிகழ்ந்தது; அதற்கும் வழிகாட்டி உண்டு. கோப்பித் தோட்டங்களுக்கென மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்நாட்டு மக்கள் மாத்தளை வரை காட்டுவழியே நாட்கணக்கில் நடந்தனர். பசியும் வாந்திபேதியும் பலரைக் கொன்றன. முன்னே சென்றவன் கங்காணி. வழி அறிந்தவனும் கடன் கொடுத்தவனும் அவன் ஒருவனே ஆதலால், அவன் காட்டிய பாதை மீண்டு வரமுடியாத பாதையாயிற்று. ஆற்றுப்படையை ஒருவன் தலைகீழாக எழுதினால் இவ்வாறே அமையும்: பரிசில் பெற்று மீண்டவன் வழி சொல்லும் பாட்டில், இங்கே சொல்பவன் ஆட்களைக் கொண்டுவரும் தரகனாகிறான். அம்மக்கள் சென்றடைந்த இடத்திற் செய்த முதல் வேலை காட்டை வெட்டுவதே. கொட்டகலையைச் சூழ்ந்த மலைகளும் ஒரு காலத்தில் மழைக்காடாகவே இருந்தன. 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டை அழிக்கலாகாதென 1873இல் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையை ஒட்டியே எஞ்சிய உச்சிக்காடுகள் தப்பின.

இன்றைய பயணக் குறிப்புகள் பலவும் இவ்வரலாற்றைத் தாண்டிச் செல்கின்றன. தேயிலை, ஒரு பச்சைக் கம்பளம். காடு, மனிதக் கை படாத புதுமை. கொழுந்தெடுப்போர், தொலைவில் அசையும் வண்ணப்புள்ளிகள். இம்மூன்று படிமங்களும் சோம்பலானவை. கை படாத காட்டுக்கும் கை பட்ட தேயிலைக்கும் இடையிலுள்ள கோட்டை வரைந்தவர்களின் பேரப்பிள்ளைகளே சுமை தாங்கி முன்னே நடக்கின்றனர் என்பது எழுதுவோர்க்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறுபுறத்தையும் நேர்மையாக நோக்கவேண்டும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களும் அவர்க்குப் பின்வந்தோரின் கதைகளும் லயத்தையும் பிரட்டுக்களத்தையும் துரைமாரையும் நுணுக்கமாகக் காட்டின. காடோ பெரும்பாலும் அச்சத்தின் இடமாகவும் விறகின் இடமாகவுமே நின்றுவிட்டது. உழைப்பின் கொடுமையைச் சொல்லவேண்டியிருந்தபோது பறவையின் பெயரைச் சொல்வது ஆடம்பரமாகத் தோன்றியிருக்கலாம். ஆயினும் விறகுக்குச் சென்ற பெண் அறிந்த காட்டறிவு மிகுதி; எந்த ஓடையருகே சிறுத்தையின் தடம், எந்தக் கிளையிற் கருங்குரங்குக் கூட்டம், எந்த மாதத்தில் அட்டை மிகும் என்பன அவளுக்குத் தெரியும். அது கதைகளில் ஏறவில்லை என்பது ஓர் இழப்பே.

இவ்விழப்பின் விலையை 2020 மே மாத நிகழ்ச்சியொன்று உணர்த்தும். நல்லதண்ணிப் பகுதியில், லக்சபானத் தோட்டத்தில், கம்பிச் சுருக்கிற் சிக்கிய கருஞ்சிறுத்தை ஒன்று மீட்கப்பட்டு, உடவளவையிற் சிகிச்சை பெற்றும் சில நாட்களில் இறந்தது. தோட்டப்புறச் சுருக்குகள் பெரும்பாலும் சிறுத்தைக்கு வைக்கப்படுவனவல்ல. மரக்கறியைக் கிளறும் காட்டுப்பன்றிக்கும் இறைச்சிக்குமே வைக்கப்படுவன. மலைபடுகடாத்துக் கூத்தன் எச்சரித்ததும் பன்றிப்பொறி பற்றியே. அவனைப் போலச் சுருக்கு எங்கே, எவர் வயிற்றுப்பாட்டுக்காக வைத்தனர், சிறுத்தை எவ்வழியே வரும் என்பவற்றை ஒருங்கே அறிந்தவர் லயத்திலுள்ளவர்தாம். ஆராய்ச்சியாளர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் ஒளிப்படப் பொறிகள் கொண்டு சிறுத்தைகளின் நடமாட்டத்தைப் பதிந்து வருகின்றனர். அப்படங்களுக்குரிய உரையை இன்னும் அத்தோட்டத்தார் எழுதவில்லை.

எனவே கொட்டகலையிலிருந்து ஹோர்ட்டன் சமவெளி வரை மூன்று, நான்கு நாட் பயணத்தை ஒருவர் தமிழில் எழுதப் புகின், முன்னிலையில் எழுதுவதே பொருத்தம். இந்தத் திருப்பத்தில் நில், அந்த வரிச்சிக்குள் பாட்டி பிள்ளை பெற்றாள், இதற்கப்பால் அட்டைக்குச் சவர்க்காரம் பூசு, அதோ அந்த மரத்துக்கு எங்கள் வீட்டில் வழங்கும் பெயர் இது என்று பாதையறிந்தவர் நேரே சொல்லட்டும். பயணி கேட்டுக்கொண்டு பின்னே வரலாம்.