முத்தாய்ப்பு: சொல்லின் பிறப்பும் பொருளும்

இசைத்துறையிலிருந்து பொதுவழக்கிற்கு வந்த கலைச்சொற்களுள் 'முத்தாய்ப்பு' குறிப்பிடத்தக்கது. சொற்பொழிவின் இறுதியில் பேச்சாளர் வைக்கும் கருத்தையும், சிறுகதையின் கடைசி வரியையும் திறனாய்வாளர் இச்சொல்லாலேயே சுட்டுகின்றனர். இதன் பிறப்பை விளக்க முற்படுவோர்க்கு இரு வழிகள் எளிதில் தோன்றும். ஒன்று, 'முத்து' என்னும் பெயரோடு 'ஆய்ப்பு' சேர்ந்தது எனல். மற்றொன்று, 'விடுபட்ட' என்று பொருள்படும் 'முக்த' என்னும் வடசொல்லின் திரிபு எனல். இரண்டும் சொல்லின் முற்பகுதியையே நோக்குகின்றன. சிக்கலோ பிற்பகுதியில் உள்ளது.

முத்தை ஆய்ந்தெடுத்தல் என்னும் விளக்கம் செவிக்கு இனியது, இலக்கணத்திற்கு ஒவ்வாதது. ஆய்தல் என்னும் வினை 'ஆய்ந்தான்' என இறந்தகாலம் பெற்று, 'ஆய்வு' எனத் தொழிற்பெயராகும், 'ஆய்ப்பு' ஆகாது. வடசொல் வழி ஓரளவு பொருந்துகிறது. முக்தி முத்தியாகவும் பக்தி பத்தியாகவும் வழங்குதல்போல, 'முக்தாயி' முத்தாயி ஆகும். ஆனால் இறுதியிலுள்ள '-ப்பு' எங்கிருந்து வந்தது என்பதற்கு வடமொழியில் விடையில்லை.

விடை தெலுங்கில் உள்ளது. அங்கு 'முக்தாயிஞ்சு' என்பது முடித்தலைக் குறிக்கும் வினை. 'முக்தாயிம்பு' அதன் தொழிற்பெயர். தெலுங்கின் 'மன்னிம்பு' தமிழின் மன்னிப்புக்கு ஒப்பாக நிற்பதை நோக்கின், முக்தாயிம்பு தமிழில் முத்தாயிப்பு, முத்தாய்ப்பு என வருதல் இயல்பே. எனவே இச்சொல்லின் அடி வடமொழியாயினும், தமிழுக்கு அது வந்த வழி ஏட்டு வடமொழியன்று. தெலுங்கு பேசிய இசைவாணர் வாய்மொழி என்பதே பொருத்தம்.

இவ்வழியின் நடுவிடம் தஞ்சை. விசயராகவ நாயக்கர் காலத்தில் (1633-1673) வேங்கடமகி இயற்றிய 'சதுர்தண்டிப் பிரகாசிகை', ஆலாபனையின் உறுப்புகளைக் கூறுமிடத்து முடிபுப் பகுதிக்கு 'முக்தாயி' என்னும் பெயரைக் குறிக்கிறது. நூலின் மொழி வடமொழி; அரசவையின் இலக்கிய மொழி தெலுங்கு; ஆசிரியரின் தந்தை கோவிந்த தீட்சிதரோ கன்னட மரபினர். இத்தகைய சூழலில் பிறந்து வளர்ந்த ஒரு கலைச்சொல்லை ஒரு மொழிக்கே உரியதாக்கும் வழக்காடல் பயனற்றது.

கன்னடத்தில் இச்சொல் 'முக்தாய' என நின்றது. 1956 நவம்பர் 1 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, பின் மைசூர் மாநிலத்தோடு இணைந்த கொள்ளேகால் போன்ற இருமொழி நிலத்தில் இவ்விரு வடிவங்களையும் அருகருகே வைத்து நோக்க இயலும். கன்னடத்தில் கூட்டமும் பணியும் தேர்வும் 'முக்தாய' அடையும். அங்கு அது முடிவு என்பதற்கான பொதுச்சொல். யட்சகானத்தில் மட்டும் தாள முடிப்பைக் குறிக்கும் இசைப்பொருளும் நிலைத்துள்ளது. தமிழிலோ கூட்டம் முத்தாய்ப்பு அடைவதில்லை. கூட்டத்திற்கு ஒருவர் பேச்சு முத்தாய்ப்பாக அமைகிறது. முடிவுக்கும் முத்தாய்ப்புக்கும் உள்ள இவ்வேறுபாட்டை 'முடிவு' என்று மட்டும் பொருள் எழுதிச் செல்லும் விளக்கம் காட்டாது.

இவ்வேறுபாட்டின் காரணம் வர்ணத்தின் அமைப்பில் தெளிவாகும். பச்சிமிரியம் ஆதியப்பையரின் பைரவி இராக அட தாள வர்ணமாகிய 'விரிபோணி'யை எடுத்துக்கொள்வோம். பல்லவி, அனுபல்லவி ஆகியவற்றின் பின் முத்தாயி சுரம் வருகிறது. அதைப் பாடி முடித்ததும் பல்லவிக்கு மீள்வர். அத்துடன் முற்பகுதி நிறைவுறும். அதன் பிறகே சரணமும் எத்துக்கடைச் சுரங்களும். ஆக, முடிவைப் பெயராகக் கொண்ட உறுப்பு உருப்படியின் நடுவில் நிற்கிறது! இது முரணன்று. பல்லவியும் அனுபல்லவியும் சொல்லோடு விரித்த இராக உருவை, முத்தாயி சுரம் சுரக்கோவையாகத் திரட்டித் தொடக்கத்திடம் ஒப்படைக்கிறது. முன்னதைத் திரட்டுதல், எடுப்பிற்கு மீட்டல் என்னும் இவ்விரு பணிகளே அதன் இலக்கணம், நின்றுவிடுதல் அன்று. தமிழ்ப் பொதுவழக்கு முதற்பணியைத் தவறாது காத்துள்ளது. முன் சொன்னவற்றைத் திரட்டாத கடைசி வரியை நாம் முத்தாய்ப்பு என்று கூறுவதில்லை.

முடிபு குறித்த சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. கலிப்பாவின் இறுதியுறுப்பைத் தொல்காப்பியம் போக்கு, வைப்பு, அடக்கியல் எனப் பலவாறு சுட்டும். சுரிதகம் என்பது பிற்கால யாப்பு நூல்களில் பெருவழக்குப் பெற்ற பெயர். இவற்றுள் 'அடக்கியல்', முன்வந்தவற்றைத் தன்னுள் அடக்குவது என்னும் பொருளால் முத்தாயி சுரத்தின் பணிக்கு மிக அணுக்கமானது. தனித்தமிழ்ப் பெயர் வேண்டுவோர் அதற்காக முத்துக்குளிக்க வேண்டியதில்லை. செய்யுளியலைப் புரட்டினால் போதும். மேலும், இரவல் சொல்லாகிய முத்தாய்ப்பைத் தமிழர் எவ்வினையோடு வழங்குகின்றனர் என்பதும் நோக்கத்தக்கது. முத்தாய்ப்பு 'வைத்தாற்போல' என்றே கூறுகிறோம். இதனைத் தொல்காப்பியரின் 'வைப்பு' நேரே தொடர்வதாகக் கொள்வது மிகை. ஆயினும் புள்ளி வைத்தல், முற்றுப்புள்ளி வைத்தல் என முடிபைச் சுட்டும் தொடர்களில் 'வை' என்னும் வினை இன்றும் வாழ்கிறது. வந்த சொல் அதனோடு இயல்பாகச் சேர்ந்துகொண்டது.