சுவைஞர் தேடிய துயரம்

இசையைப் படைப்போர் பாடகர். அதனை அழியாது காப்போர் சுவைஞர். ஆயினும், காக்க வந்த சுவைஞரே அவ்விசைக்கு ஓர் எல்லையையும் வகுத்துவிடுவதுண்டு. அமெரிக்க நாட்டுப் புளூஸ் இசையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

புளூஸ் என்பது அந்நாட்டின் தென் மாநிலக் கறுப்பின மக்களின் பாட்டு. ஓரடியை இருமுறை பாடி, மூன்றாம் அடியில் அதற்கு விடை கூறுவது இதன் பெருவழக்கான வடிவம். 1920-ஆம் ஆண்டில் மேமி ஸ்மித் என்னும் பெண்மணி பாடிய இசைத்தட்டு மிகுதியாக விற்கவே, இசைத்தட்டு நிறுவனங்கள் இத்துறையில் முனைந்தன. அவற்றை வாங்கி மகிழ்ந்த முதற் சுவைஞர் அக்கறுப்பின மக்களே. அவர்களுக்கு இது துயரப் பாட்டு மட்டுமன்று. வார இறுதியில் கூடி ஆடுதற்குரிய பாட்டுமாகும். 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் அவ்வணிகம் நலிந்தது.

ஒரு தலைமுறை கழிந்தபின், பழைய இசைத்தட்டுகளைத் தேடித் திரட்டிய வெள்ளை இளைஞர் சிலர் அப்பாடகரையும் தேடப் புறப்பட்டனர். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் பதிவு செய்த பாட்டொன்றில் அவலான் எனத் தம் ஊர்ப்பெயரைக் கூறியிருந்தார். அவ்வொரு சொல்லையே தடமாகக் கொண்டு 1963-இல் ஓர் இளைஞர் அச்சிற்றூரை அடைந்தார். முதியவர் அங்கேதான் இருந்தார்! அவ்வாண்டே நியூபோர்ட் நகர விழாவில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். மறு ஆண்டு, சன் ஹவுஸ் என்பாரை ராச்செஸ்டர் நகரில் கண்டனர். கித்தாரைத் தொட்டுப் பன்னாள் ஆகியிருந்த அவருக்கு, அவருடைய பாடல்களையே ஆலன் வில்சன் என்னும் இளைஞர் உடனமர்ந்து நினைவூட்டினார். ஆசான் மறந்ததை மாணாக்கன் எடுத்துக் கொடுத்த இக்காட்சியினும் சிறந்த பாராட்டு வேறு யாது?

எனினும், இவ்வன்பர் தேடியது யாரை? மரக்கித்தாருடன் தனித்திருந்து துயரம் பாடும் முதியவரையே. பெரிய குழுவுடன் அரங்கேறிப் பாடிய மேமி ஸ்மித், பெஸ்ஸி ஸ்மித் போன்ற பெண்டிர் அவ்வோவியத்தில் அடங்கவில்லை; பலரும் அவர்களைப் பின்னுக்குத் தள்ளினர். மடி வாட்டர்ஸ் 1943-இல் மிசிசிப்பியிலிருந்து சிகாகோவில் குடியேறியவர். மதுக்கூடத்து இரைச்சலை மீறிக் கேட்கவேண்டி மின்கித்தாரைக் கைக்கொண்டார். 1958-இல் இங்கிலாந்தில் அவர் அதனை முழக்கியபோது, சிலர் முகஞ்சுளித்தனர். பாடகன் ஊர் மாறலாம், தொழில் மாறலாம், அவன் இசை மட்டும் பழைய பருத்திக் காட்டிலேயே நிற்கவேண்டும் என்பது அன்பாகுமா? பிறர் வறுமையைக் காட்சிப் பொருளாக்கும் குறை இதில் உண்டு.

புளூஸின் சாயல் படிந்த புளூகிராஸ் இசையின் சுவைஞர் வேறு வகையினர். கெண்டகியைச் சேர்ந்த பில் மன்ரோ தம் குழுவுக்கு இட்ட பெயரிலிருந்தே இவ்விசை பெயர் பெற்றது. இளமையில் அவர் ஆர்னல்டு ஷுல்ட்ஸ் என்னும் கறுப்பினக் கலைஞரின் கித்தாரைக் கேட்டு வளர்ந்தவர். 1945-இன் இறுதியில் ஏர்ல் ஸ்கரக்ஸ் தம் மூவிரல் பாஞ்சோவுடன் சேர்ந்தபின் குழுவின் இசைக்கு விரைவும் முறுக்கும் கூடின. ஆப்பிரிக்க மக்கள் வழிவந்த கருவியே பாஞ்சோ. 1965-இல் வர்ஜீனியாவின் பின்காசல் அருகே பல நாள் விழா எடுத்தனர். இத்தகைய விழாக்களுக்கு வருவோரிற் பலர் கைக்கருவியுடனே வருவர். மேடையில் கேட்டதை வண்டி நிறுத்துமிடத்தில் வட்டமாக நின்று தாமே வாசித்துப் பார்ப்பர். விரல் நொந்து அறிந்த பாராட்டு இது. இசைத்தட்டு அடுக்கி அறிந்ததினும் ஒரு படி உயர்ந்ததே.

ஆனால் வேலி கட்டும் வழக்கம் இவர்களையும் விடவில்லை. முரசு கூடாது, மின்கருவி கூடாது, இன்ன கருவிகளே புளூகிராஸ் என வாதிடுவோர் இன்றும் உளர். அத்தகையோர் மன்ரோ 1945-இல் செய்த பதிவுகளைக் கேட்பது நன்று. அவற்றில் அக்கார்டியன் ஒலிக்கிறது. வாசிப்பவர் சாலி ஆன் பாரஸ்டர் என்னும் பெண்மணி.