மச்சான் என்னும் முறைப்பெயர்: இருமொழி அகராதிப் பொருள் குறித்த திறனாய்வு

ஆங்கிலவழி இருமொழி அகராதிகளும், அவற்றைப் பின்பற்றி அயலகத் தமிழ் மாணவர்க்கு அமைக்கப்பெறும் சொற்பட்டியல்களும் ‘மச்சான்’ என்பதற்குப் பெரும்பாலும் ‘பிரதர் இன் லா’ என்பதையே முதற்பொருளாகத் தருகின்றன. நண்பனை விளிக்கும் பொருள் இடம்பெறுமாயின், கொச்சை வழக்கு என்னும் முத்திரையோடு இறுதியில் ஒதுங்கி நிற்கிறது. இவ்வரிசைமுறை சொல்லின் இயல்புக்குப் பொருந்துவதன்று.

அவ்வாங்கிலத் தொடரிலுள்ள ‘லா’ திருச்சபைச் சட்டத்தைக் குறிப்பது. மணத்தால் உறவானோரை உடன்பிறந்தார்க்கு நிகராகக் கொண்டு, அவர்களோடு மணவினை கூடாதென விலக்கிய ஏற்பாட்டில் பிறந்தது அது. தமிழ்ச்சொல்லின் நிலை இதற்கு நேர்மாறானது. பெரியப்பன், சிற்றப்பன் மக்களும் பெரியம்மை, சின்னம்மை மக்களும் உடன்பிறந்தார் வரிசையினர். மாமன் மகனும் அத்தை மகனும் அவ்வாறல்லர். எவருக்கும் மணம் நிகழாத நிலையிலும் அவர்கள் பிறப்பினாலேயே மச்சான்மார். மணத்தடையைச் சுட்டப் பிறந்த சொல்லால் மணவுரிமையைச் சுட்டும் சொல்லை விளக்கும்போது, விளக்கப்படுவது தமிழுறவன்று; ஆங்கிலவுறவே.

இலக்கிய வழக்கிலுள்ள ‘மைத்துனன்’ இதனைத் தெளிவாக்கும். குந்தி வசுதேவருடன் பிறந்தவள். ஆதலின் கண்ணன் அருச்சுனனுக்கு மாமன் மகன். சுபத்திரையை அருச்சுனன் மணந்தபின் அவன் மனைவியுடன் பிறந்தவனும் ஆகிறான். ஆங்கிலத்தில் இவ்விடத்து உறவின் பெயரே மாறவேண்டும். தமிழில் முன்னும் பின்னும் அவன் மைத்துனனே. நாச்சியார் திருமொழியின் கனாப் பதிகத்தில் ஆண்டாள் தம்மை மணக்க வருபவனை இச்சொல்லாலேயே குறிப்பதும் கருதத்தக்கது. அங்கே மணம் இன்னும் கனவில்தான். உறவோ முன்னரே உரியது.

லூயி துய்மோன் 1953இல் வெளியிட்ட கட்டுரையில், திராவிட முறைப்பெயர்கள் மண உறவைத் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றுவன என நிறுவினார். அக்கருத்து இன்றும் வலுவுடையது. எனினும் அவருடைய முறைப்படத்தில் கட்டமைப்பே மேலோங்கி நிற்கிறது. விளிக்கும் குரலுக்கு அங்கே இடம் குறைவு. கேலியும் உரிமையும் கலந்த அக்குரலிலேயே நட்புப்பொருளின் வேர் உள்ளது. உடன்பிறந்தானிடம் மூப்பு இளமை பார்த்து ஒழுகவேண்டும். மாமனிடம் அடங்கியிருத்தல் வேண்டும். மச்சானிடமோ வாய்விட்டுப் பேசலாம், சீண்டலாம். பிறகுடியில் பிறந்த ஒப்பன் அவன்.

வடபுலத்து வழக்கு ஒன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இந்தியில் மனைவியின் உடன்பிறந்தானைக் குறிக்கும் ‘சாலா’ வசைச்சொல்லாயிற்று. பெண் கொடுத்தோரைப் பெண் கொண்டோர் தாழ்வாக நோக்கும் மனப்பான்மை அதில் தொனிக்கிறது. பெண் கொடுப்பதும் கொள்வதும் இருவழியும் நிகழும் தென்புலத்தில் நிகரான சொல் அன்புவிளியாயிற்று. மலையாளத்து ‘அளியன்’, தெலுங்கின் ‘பாவ’ ஆகியவையும் நண்பரிடை வழங்குகின்றன. சிங்களம் ‘மச்சான்’ என்பதைத் தோழமைச் சொல்லாக ஏற்றுக்கொண்டதும் வியப்பன்று. அம்மொழியின் ‘மஸ்ஸினா’ ஏற்கனவே மாமன், அத்தை மகனையும் மனைவியின் உடன்பிறந்தானையும் ஒருங்கே சுட்டுவது. ஆகவே நட்புப்பொருள் சொல்லின் சிதைவன்று, விரிவு.

மலேசியாவில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. அந்நாட்டின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, மணவிலக்குடைய உறவுகளை வரையறுக்குமிடத்து, இந்து ஒருவர் தம் உடன்பிறந்தாள் மகளை மணக்கும் வழக்கத்துக்கு விலக்களித்துள்ளது. அவ்வாறு மணம் நிகழின் நேற்றைய மச்சானே இன்றைய மாமனார். சட்டம் கண்டுகொண்ட இந்நெகிழ்வைச் சொற்பட்டியல் காணவில்லை. அத்தகைய மணங்கள் அருகிவரும் குடும்பத்தில் வளரும் சிறுவனுக்கு உறவுப்பொருள் ஏட்டளவில் எஞ்ச, மலாய்க்காரரும் சீனரும் தமிழ்த் தோழனை ‘மச்சா’ என விளிக்கும் தெருவழக்கே கண்முன் நிற்கிறது. அதனைக் கொச்சையென அவனுக்குக் கற்பித்தால், சொல்லின் இரு முனைகளையும் இணைக்கும் இழை அவன் கைக்கு எட்டாது போகும். ‘உடன்பிறந்தார் முறையில் அடங்காத, மணவுறவுக்குரிய ஒத்த தலைமுறை ஆண், அவ்வுரிமை தோன்ற நண்பனை விளிக்கும் சொல்’ என்று அகராதி தொடங்கலாம். ‘மச்சாள்’ மட்டும் அவ்வளவு தொலைவு பயணம் செய்யவில்லை. அச்சொல் வீட்டைக் கடந்து தெருவில் தோழமைப்பெயராகப் பரவாமைக்கான காரணம், பெண்டிர்க்கிடையிலான விளிவழக்குகளைத் தொகுத்தபின்னரே துணியத்தக்கது.