ஆசிரியரின் வழிபாடு: காந்தியடிகளின் 'ஆத்மிக் கேளவணீ' இயலும் அதன் மொழிபெயர்ப்பும்

ஆசிரியப் பணியில் இறைநம்பிக்கைக்குரிய இடம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் மாணவரை நோக்கியே பேசுவர். காலை வழிபாடு, நீதிபோதனை வகுப்பு, மனப்பாடப் பாடல் என அவர்கள் கூறுவன யாவும் ஆசிரியர் பிறர்க்கு வழங்குவன. வழங்குபவரிடம் அந்நம்பிக்கை என்ன செய்கிறது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. காந்தியடிகளின் தன்வரலாற்றில் நான்காம் பகுதியின் 32 முதல் 36 வரையிலான இயல்கள் அவ்வினாவையே மையமாகக் கொண்டவை. 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் குஜராத்தியில் தொடராக வெளிவந்த நூல் இது. மகாதேவ தேசாயின் ஆங்கில ஆக்கமே பிறமொழியாளர் பலருக்கு மூலமாக அமைந்துவிட்டது. அவ்விரு வடிவங்களுக்கும் இடையே நேரும் பொருள் நகர்வுகளையும், அவை தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு எழுப்பும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஹெர்மன் காலன்பாக் 1910இல் அளித்த, ஜோகன்னஸ்பர்கிற்கு அண்மையில் இருந்த 1100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை அமைந்தது. அங்கிருந்த சிறுவரில் தமிழ்ச் சிறுவரும் இருந்தனர். போப்பையரின் தமிழ்க் கையேட்டைத் தாண்டாத தம் தமிழறிவைக் கொண்டே அடிகள் அவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். காலை நேரம் உடலுழைப்புக்குரியது. உழைத்து உண்டபின் நடந்த வகுப்பில் மாணவரோடு ஆசிரியரும் உறக்கத்தோடு போராட வேண்டியிருந்தது. இக்குறைகளை அவர் மறைக்கவில்லை.

34ஆம் இயலின் வாதம் எளிதானது. ஆயினும் எளிதில் தவறவிடத்தக்கது. மாணவரைப் பாடல்கள் பாடச் செய்தும் நீதிநூல்களைப் படித்துக் காட்டியும் வந்த அடிகளுக்கு அது நிறைவளிக்கவில்லை. உடற்பயிற்சியை உடலாலும் அறிவுப் பயிற்சியை அறிவாலும் அளிப்பது போல, ஆன்மாவுக்குரியதை ஆன்மாவாலேயே அளிக்க இயலும் என அவர் முடிவு செய்கிறார். அவ்வாறாயின் ஆசிரியரின் வாழ்க்கையே பாடம் ஆகிறது. மாணவர் பொருட்டேனும் அவர் நேராக வாழ வேண்டியவர் ஆகிறார். வழிபாடு மாணவர்மேல் செலுத்தும் கருவி என்னும் நிலை மாறி, ஆசிரியர் தம்மேல் ஏற்றிக்கொள்ளும் சுமை ஆகிறது.

இவ்வாதம் முழுவதையும் தாங்கி நிற்பது 'கேளவணீ' என்னும் ஒரு சொல். கல்வி, பயிற்சி என்று பொருள்படும் இதன் வினைவடிவம் மாவைப் பிசைந்து பதப்படுத்துதலையும் தோலைப் பதனிடுதலையும் குறிக்கும். பிசைபவர் கையில் மாவு ஒட்டாமல் பிசைய இயலாது. 33ஆம் இயல் 'அக்ஷரகேளவணீ'. 34ஆம் இயல் 'ஆத்மிக் கேளவணீ'. ஆங்கிலம் இரண்டுக்கும் 'டிரெய்னிங்' என்ற சொல்லையே ஆள்வதால் இணைமை காக்கப்படுகிறது; கைத்தொழிலின் மணம் போய்விடுகிறது. முன்னதற்கு 'லிட்டரரி' என்னும் அடை சேர்ந்தமையால், ஆங்கில வழி வரும் தமிழர் 'இலக்கியப் பயிற்சி' என எழுதிவிடவும் கூடும். அங்கே பேசப்படுவதோ எழுத்தறிவும் கணக்கும் போன்ற தொடக்கப் பாடங்களே.

பின்னதற்கு 'ஆன்மப் பயிற்சி' என்பது இயல்பான ஆக்கம். எனினும் தமிழில் 'ஆன்மா' சைவ சித்தாந்தச் சுமை உடையது. அங்கே ஆன்மாவுக்கு அறிவிக்க வரும் குரு இறைவனே. அவர் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவும் இல்லை. அடிகள் காட்டும் ஆசிரியரோ மாணவரால் திருத்தப்படுபவர். ('ஸ்பிரிட்' என்பதற்குக் கிறித்தவத் தமிழ் வழங்கும் 'ஆவி' இங்கே உதவாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.) 'பண்படுத்தல்' என்னும் சொல்லை நான் பரிந்துரைப்பேன். நிலத்துக்கும் உள்ளத்துக்கும் பொதுவான அச்சொல்லில் உழைக்கும் கை தெரிகிறது.

அதே இயலில் அடிகள் ஒரு மாணவனை அடித்த நிகழ்ச்சி வருகிறது. கையருகே கிடந்த அளவுகோலால் அவன் கையில் ஓர் அடி விழுகிறது. அடிக்கும்போதே அடித்தவர் நடுங்குகிறார். தம்மிடமுள்ள ஆன்மாவைக் காட்ட வேண்டிய இடத்தில் விலங்கைக் காட்டினேன் என்பதே அவர் தம்மீது கூறும் குற்றம். அளவுகோலைப் 'பிரம்பு' எனத் தமிழ்ப்படுத்தினால் நம் பள்ளி மரபுக்கு நெருங்கிவிடும், பொருளோ கெட்டுவிடும். பிரம்பு தண்டிப்பதற்கென்றே வைத்திருப்பது. அளவுகோல் கோடு இழுக்க வைத்திருந்தது.

35ஆம் இயலின் குஜராத்தித் தலைப்பு நல்லதும் தீயதும் கலந்தமையை மட்டுமே சொல்வது. மகாதேவ தேசாய் இதனைக் கோதுமையிடையே களை என்னும் விவிலியத் தொடராக ஆக்கினார். ஆங்கில வாசகர்க்கு இது இனிது. ஓரளவு பொருத்தமும் உண்டு. முரட்டுச் சிறுவரோடு தம் புதல்வரைப் பழகவிடுவதைக் காலன்பாக் எதிர்த்தபோது அடிகள் பிரிக்க மறுத்தார். உவமையிலும் களை உடனே பிடுங்கப்படுவதில்லை. ஆனால் உவமையில் களையை விதைத்தவன் பகைவன், முடிவில் களை தீக்கிரையாகிறது. அடிகளின் இயலில் அறுவடை நாளே இல்லை. எச்சிறுவனும் களை என முடிவு கட்டப்படவும் இல்லை. இத்தொடரைத் தமிழாக்குவோர் மத்தேயுவின் தீர்ப்பு நாளையும் உடன் கொண்டுவருகின்றனர். குஜராத்தி மூலத்தோடு ஆங்கிலத்தை ஒப்பிட்டு மாற்று வடிவங்களைத் தரும் திரிதீப் சுஹ்ருதின் ஆய்வுப் பதிப்பு (2018) இருக்கையில் ஆங்கிலத்தை மட்டும் நம்புவதற்கு இன்று காரணம் இல்லை.

36ஆம் இயலில் ஆசிரியரின் சுமை உச்சத்தை எட்டுகிறது. பீனிக்ஸ் ஆசிரமவாசிகள் இருவரின் ஒழுக்க வீழ்ச்சிக்காக அடிகள் ஏழு நாள் உண்ணாநோன்பும் நாலரை மாத ஒருபொழுதும் ஏற்றார். மாணவரோடு உண்மையான அன்புப் பிணைப்பு இல்லாதவர்க்கு இவ்வழி பொருந்தாது எனவும் வரையறுத்தார். இவ்வெச்சரிக்கையை அவரைப் போற்றுவோர் போதிய அளவு கவனிப்பதில்லை.

இக்கோட்பாடு எப்போதும் ஆசிரியர்மேலேயே சுமையை வைத்ததா? 'தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகம்' (ஆங்கில ஆக்கம் 1928) வேறு ஒன்றைக் கூறுகிறது. பண்ணை இளைஞர் ஒருவர் இரு சிறுமியரைக் கேலி செய்தார். இரவெல்லாம் உறங்காது சிந்தித்த அடிகள், மறுநாள் அச்சிறுமியரின் நீண்ட கூந்தலைக் கத்தரிக்க இசைவு பெற்றார். தவறு இளைஞருடையது, இழப்பு சிறுமியருடையது. அளவுகோல் நிகழ்ச்சியில் உள்ள கழிவிரக்கம் இங்கே இல்லை; அச்செயல் நற்பயன் விளைத்தது என்றே அவர் கருதுகிறார். ஆன்மாவின் குரலைக் கேட்டதாக நம்பும் ஆசிரியர், அக்குரல் யார் உடல்மேல் நிறைவேறுகிறது என்று பார்க்கத் தவறும் இடம் இது. 34ஆம் இயலை இப்பகுதியோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கே ஒரு பொறுப்பு உண்டு. 'கூந்தல் கத்தரிக்கப்பட்டது' எனச் செயப்பாட்டுவினையில் எழுதுவது நம் கட்டுரைத் தமிழுக்கு எளிது. இதை எடுத்துரைக்கும் கையே அக்கூந்தலைக் கத்தரித்தது என்று அடிகள் தாமே குறித்திருக்கிறார்.