பெண்மக்களும் சக்கரப் பலகையும்: உவகைச் சுவை பற்றிய ஒரு நோக்கு

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் உவகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறினார். செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்பன அவை. பொருளும் அறிவும் காதலும் தரும் மகிழ்ச்சியோடு விளையாட்டு தரும் மகிழ்ச்சியையும் ஒரே வரிசையில் அவர் நிறுத்தியமை எண்ணற்பாலது. விளையாட்டால் பிறிதொரு பயன் விளையவேண்டும் என்று அவர் விதிக்கவில்லை. ஆடுவோர் உள்ளத்தில் உவகை பிறந்தால் அதுவே போதும் என்பது அவர் வகுப்பின் கருத்தாகும்.

நற்றிணையின் 68ஆம் பாட்டில் தோழி ஒருத்தி இதே கருத்தை வழக்காக எடுத்துரைக்கின்றாள். இளைய மகளிர் ஆயத்தோடு ஓரையாடாமல் இல்லத்துள் அடைபட்டிருத்தல் அறமும் ஆகாது, அதனால் வீட்டின் ஆக்கமும் தேயும் என்கிறாள். இதனைப் பணிவோடும் திறமையோடும் அன்னையிடம் சொல்வாரைப் பெற்றால், அவள் 'செல்க' என விடுப்பாளோ என்றும் ஏங்குகின்றாள். தலைவன் கேட்டு விரைந்து மணக்கவேண்டும் என்னும் உள்நோக்கத்தோடு தோழி பேசுகின்றாள் ஆதலின், அச்சொல்லை விளையாட்டிற்குச் சான்றாகக் கொள்ளலாமோ என ஒருவர் வினவலாம். கொள்ளலாம். கேட்போர் ஒப்புக்கொள்ளாத ஒரு நியாயத்தைத் தோழி கருவியாக்கியிருக்கமாட்டாள். பெண்மக்கள் வெளியே ஆடுதல் நன்று என்பது அவையோர் உடன்பட்ட கருத்தாக இருந்தமையாலேயே அது அவளுக்குப் பயன்பட்டது.

இவ்விரு நூற்கருத்துகளையும் அளவுகோலாகக் கொண்டு, 'ஸ்கேட்போர்டு' எனப்படும் சக்கரப் பலகையில் ஆடும் பெண்களைப் பற்றி அண்மைக் காலத்தில் வெளிவந்த சில படைப்புகளை ஆராயலாம்.

அவற்றுள் தமிழர்க்கு மிக நெருங்கியது 'கமலி' என்னும் குறும்படம். நியூசிலாந்தைச் சேர்ந்த சாஷா ரெயின்போ என்னும் பெண்மணி இயக்கிய இப்படம் 2019இல் திரைவிழாக்களில் காட்டப்பெற்றது. மாமல்லபுரத்து மீனவர் குடியிருப்பில் வளரும் கமலி என்னும் சிறுமியே இதன் தலைவி. பாவாடை பறக்க, வெறுங்காலோடு, சரிவில் பலகையேறிச் சறுக்கிய அச்சிறுமியின் நிழற்படத்தை, அவ்வாட்டத்தில் புகழ்பெற்ற அமெரிக்கர் டோனி ஹாக் பகிர்ந்தபோது உலகின் பல பகுதிகளிலும் அவள் பெயர் பரவியது. இல்லற வாழ்வின் துன்பத்தினின்றும் விலகி வந்த தாய் சுகந்தியின் கதையும், மகளின் ஆட்டமும் படத்தில் ஒன்றோடொன்று பின்னிச் செல்கின்றன.

இப்படத்தின் சிறப்பு அத்தாயின் பாத்திரத்தில் உள்ளது. நற்றிணைத் தோழி யாரை எண்ணி ஏங்கினாளோ, அந்த அன்னை இங்கே கண்முன் நிற்கின்றாள். ஊரார் சொல்லுக்கு அஞ்சாமல் மகளைச் 'செல்க' என விடுக்கின்றாள். அவள் தன் இளமையில் பெறாத ஒன்றை மகளுக்கு வழங்கும்போது காண்போர் உள்ளம் நெகிழ்கின்றது. இருப்பினும் ஒரு குறை தோன்றுகின்றது. தாயின் துயரம் கதையின் பெரும்பாரத்தைச் சுமப்பதால், சிறுமியின் ஆட்டம் அத்துயரத்திற்கு விடையாகவே பொருள் பெறுகின்றது. தொல்காப்பியர் வகுப்பின்படி சொன்னால், படம் அழுகையில் தொடங்கிப் பெருமிதத்தில் முடிகின்றது. இடையில் இருக்கவேண்டிய உவகை அவள் சறுக்கும் சில காட்சிகளில் மட்டும் மின்னி மறைகின்றது.

இப்போக்கு இவ்வொரு படத்திற்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனின் பாஃப்டா பரிசுக்கு 2020இல் முன்மொழியப்பட்ட குறும்படங்களுள் 'கமலி'யும் ஒன்று. அவ்வாண்டு பரிசை வென்ற படமும் சக்கரப் பலகையாடும் சிறுமியரைப் பற்றியதே. ஆப்கானிஸ்தானின் காபூல் நகரில் போர்ச் சூழலிடையே பலகையாட்டமும் பள்ளிக் கல்வியும் பயிலும் சிறுமியரை அது காட்டியது. கரோல் டைசிங்கர் இயக்கிய அப்படம் அதே ஆண்டில் ஆஸ்கார் விருதையும் பெற்றது. அடுத்த ஆண்டு, 2021 சூன் திங்களில், மஞ்சரி மாகிஜானி இயக்கிய 'ஸ்கேட்டர் கேர்ள்' நெட்பிளிக்சில் வெளியாயிற்று. இராசத்தானத்துச் சிற்றூர்ப் பெண் பிரேரணா, பெற்றோர் உறுதிசெய்த திருமணத்தை விட்டுப் போட்டிக்கு ஓடுவதே அதன் உச்சக் காட்சி. படப்பிடிப்புக்காகக் கேம்பூரில் கட்டிய ஆடுதளம் பின்னரும் அவ்வூர்ப் பிள்ளைகளுக்கே உரியதாக நின்றது பாராட்டத்தக்கது.

மூன்று படங்களும் நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்டவை. ஆயினும் மூன்றிலும் பெண்ணின் விளையாட்டு ஒரு நியாயத்தைக் காட்டியே உள்ளே வரவேண்டியிருக்கின்றது. போர், வறுமை, கட்டாயத் திருமணம் ஆகியவற்றுள் ஒன்று அவளுக்குப் பரிந்து பேசவேண்டும். ஆண்பிள்ளை திடலில் பந்துதைப்பதற்கு எவரும் இத்தகைய காரணம் கேட்பதில்லை.

இங்கேதான் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடர் ஒன்று கருதத்தக்கதாகின்றது. எச்.பி.ஓ. நிறுவனம் 2020 மே முதல் நாளில் தொடங்கி 2021 வரை, தொகுதிக்கு ஆறாக இரு தொகுதிகளில் பன்னிரண்டு பகுதிகளாக ஒளிபரப்பிய அத்தொடரின் பெயர் 'பெட்டி' என்பது. இஃது ஓர் ஆங்கிலப் பெண்பெயர். நியூயார்க்கு நகர்த் தொடர்வண்டியில் பலகையோடு வந்த இளம்பெண்களைத் தற்செயலாகச் சந்தித்த இயக்குநர் கிரிஸ்டல் மோசெல், முதலில் ஒரு குறும்படமும், 2018இல் 'ஸ்கேட் கிச்சன்' என்னும் முழுநீளப் படமும், பின்னர் இத்தொடரும் படைத்தார். நடித்த ஐவரும் மெய்யாகவே பலகையாடும் தோழியர். சனே, அனிபேர், கர்ட், இண்டிகோ, கமீல் என்பன அவர்கள் ஏற்ற பாத்திரங்களின் பெயர்கள்.

கதை என்று எடுத்துரைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. தொலைந்த பை ஒன்றைத் தேடுகின்றனர்; சண்டையிட்டுக் கொள்கின்றனர்; கூடுகின்றனர்; விழுகின்றனர்; மீண்டும் ஏறுகின்றனர். தொடக்கத்தில் பெண்களுக்கென்று கூட்டிய ஆட்டத்திற்கு வருவோர் மிகச் சிலர். முதல் தொகுதியின் இறுதியிலோ பெண்கள் திரளாகத் தெருவில் உருண்டு செல்கின்றனர். அத்திரளுக்குப் பரிசும் இல்லை, கோப்பையும் இல்லை. துன்பத்தைத் தொடர் அறியாததும் அன்று. சனேயின் நெருங்கிய நண்பன்மீது ஒரு பெண் முறையீடு செய்யும்போது, நட்பா நேர்மையா என அவள் தடுமாறுவது ஆழமான பகுதியாகும். ஆனால் அத்துன்பம் ஆட்டத்திற்குக் காரணமாகக் காட்டப்படவில்லை. அவர்கள் முன்னும் ஆடினர், பின்னும் ஆடினர்.

நகைக்கு நிலைக்களன் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. எள்ளலை விரித்த உரையாசிரியர் பேராசிரியர், பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுதல் மற்றொன்று என இரண்டாகப் பகுப்பர். பின்னதற்கு இத்தொடரின் தலைப்பே எடுத்துக்காட்டு. பலகையாடும் ஆண்களைச் சுற்றிவரும் பெண்களைக் குறிக்க அவ்வாடவர் வழங்கிய ஏளனப் பெயரே 'பெட்டி' என்பது. அப்பெயரையே இப்பெண்கள் தம் தலையில் சூடி நகைக்கின்றனர். இவ்வகை நகை அழுகையைக் காட்டிலும் எழுப்புதற்கு அரியது. இரங்கத்தக்க ஒருத்தியைக் காட்டினால் காண்போர் எளிதில் அவள் பக்கம் சாய்வர். மகிழ்ச்சியாக இருக்கும் ஒருத்தியை அவ்வாறே ஏற்கச் செய்வதற்குத் திறமை வேண்டும்.

குறைகளும் உள. நிகழ்ச்சிகள் தளர்வாகக் கோக்கப்பட்டுள்ளன. கடுஞ்சொல்லும் போதைப்பொருளும் நிறைந்திருத்தலின் மாணவர்க்குக் காட்டத்தக்க தொடர் இஃதன்று. ஆசிரியர்கள் தாம் கண்டு, அதன் நோக்கை மட்டும் வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். பெருநகர வாழ்வில் இயல்வது மாமல்லபுரத்தில் இயலுமோ என்னும் வினாவும் நியாயமானதே. கடற்கரைச் சிறுமிக்கும் நியூயார்க்குப் பெண்ணுக்கும் இடையே உள்ள தொலைவைக் 'கமலி' மறைக்காமல் காட்டியது அதன் நேர்மை. ஆனால் படம் முடிந்தபின் கமலி அலைச்சறுக்கு ஆட்டத்தில் இந்திய அளவில் வெற்றி பெற்றவளாக வளர்ந்தாள். தாயின் துயரக் கதைக்குள் அடங்காத உவகை ஒன்று அவளிடம் இருந்தமைக்கு அதுவே சான்று.

உலக அரங்கிலும் இவ்வாட்டம் இளம்பெண்களுக்கு வழிவிட்டது. 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியாவின் சார்பில் பாத்தின் சியாஹிரா முக்காடணிந்து பலகையேறினார். 2021இல் தோக்கியோவில் ஒலிம்பிக்கில் இவ்வாட்டம் முதன்முறையாக இடம்பெற்றபோது, மகளிர் தெருப்பிரிவில் தங்கம் பெற்ற சப்பானியச் சிறுமி மொமிஜி நிஷியாவுக்கும், வெள்ளி பெற்ற பிரேசில் சிறுமி ரைசா லீலுக்கும் வயது பதின்மூன்றே.

அந்தப் பதின்மூன்றாம் வயதைத் தமிழாசிரியர்கள் மனத்தில் இருத்தல் வேண்டும். தமிழ் இல்லங்கள் பலவற்றில் ஒரு பெண்பிள்ளை திடலுக்கு வருவதை நிறுத்தும் வயதும் ஏறத்தாழ அதுவே. பூப்பெய்தியதும் ஓட்டக் காலணி அலமாரியில் ஏறிவிடுகின்றது. மாசாய், பிளெந்தோங் பகுதிகளில் தோட்டங்கள் குடியிருப்புகளாகிப் பழைய திடல்கள் சுருங்கிய இந்நாளில், எஞ்சிய இடத்தையும் பையன்களே நிறைக்கின்றனர். வகுப்பில் நற்றிணையின் ஓரையாட்டத்தை விளக்கும் ஆசிரியர், மாலையில் ஓரமாக நின்று பார்க்கும் மாணவியரைக் காணாதிருத்தல் முறையாகாது. அன்னையிடம் பணிவோடும் திறமையோடும் எடுத்துச் சொல்வார் ஒருவர் வேண்டும் என்று தோழி தேடினாள். பெற்றோரை நாள்தோறும் பள்ளி வாயிலில் சந்திக்கும் ஆசிரியரைவிட அப்பணிக்கு ஏற்றவர் எவர்?