நான்காவது படத்துக்கு முன் ஓர் இடைவெளி

ஹாரி பாட்டர் வரிசையின் முதல் மூன்று படங்களுக்கு அமெரிக்காவில் கிடைத்தது பி.ஜி. (பெற்றோர் வழிகாட்டுதல்) சான்றிதழ். 2005 நவம்பரில் வந்த நான்காவது படம், ‘காப்லெட் ஆஃப் ஃபயர்’, பி.ஜி.-13 ஆனது; பதின்மூன்று வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்குக் கூடுதல் எச்சரிக்கை. பிரிட்டனில் 12ஏ, அதாவது, பன்னிரண்டு வயது நிரம்பாதவர்கள் பெரியவர் துணையோடுதான் திரையரங்குக்குள் போகலாம்.

எதற்கு இந்த எச்சரிக்கை என்றால் எல்லோரும் கை காட்டுவது கல்லறைக் காட்சியை. வில்லன் வோல்டெமோர்ட்டின் வேலையாள் தன் கையையே வெட்டிக் கொப்பரையில் போடுகிறான். கட்டிப்போட்ட ஹாரியின் கையைக் கீறி ரத்தம் எடுக்கிறான். மூக்கில்லாத முகத்தோடு வோல்டெமோர்ட் எழுந்து வருகிறான். பயங்கரம்தான். ஆனால் அரக்கன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தாங்கக்கூடிய பயங்கரம். யார் கெட்டவன் என்பதில் அங்கே குழப்பமில்லை.

என்னைக் கேட்டால், வகுப்பறைக் காட்சிதான் கடினம். புதிய ஆசிரியர் மூடி ஒரு சிலந்தியை மந்திரத்தால் ஆட்டுவிக்கிறார். மாணவர்கள் சிரிக்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். அடுத்து ஒரு சாபத்தால் அதையே வதைக்கிறார். சிலந்தி கிறீச்சிட, நெவில் என்ற மாணவனின் முகம் வெளிறுகிறது. நிறுத்தச் சொல்லிக் கத்துபவள் சக மாணவி ஹெர்மயோனி. அதே சாபத்தால்தான் நெவிலின் பெற்றோர் சித்திரவதைக்கு ஆளானார்கள் என்பது வெகுநேரம் கழித்து, ஒரு விசாரணைக் காட்சியில், ஒற்றை வரியில் வந்து போகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது எட்டாது. வாத்தியாரே வகுப்பில் ஓர் உயிரை வதைத்தார் என்பதுதான் மனதில் தங்கும். அவர் ஆள்மாறாட்டம் செய்தவர் என்ற விளக்கமோ கடைசியில் அவசர அவசரமாக வருகிறது.

அவசரம்தான் படத்தின் பெரிய குறை. அறுநூறு பக்கத்தைத் தாண்டும் நாவலை ஒரே படத்தில் அடைத்ததால், அதிர்ச்சிகள் அடுத்தடுத்து விழுகின்றன. பிள்ளை மூச்சு வாங்க இடமில்லை. நிதானத்துக்குப் பேர்போன தலைமை ஆசிரியர் டம்பிள்டோர்கூட ஹாரியைப் பிடித்து உலுக்குகிறார். குளியலறையில் பேய்ச் சிறுமி ஹாரியிடம் குழைவது நகைச்சுவையாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடன விருந்தும் அதற்கு ஜோடி தேடிப் பையன்கள் படும் பாடும்தான் கொஞ்சம் ஆறுதல்.

ஆனால் ஒரு விஷயத்தில் இயக்குநர் மைக் நியூவெலைப் பாராட்டியாக வேண்டும். ஹாரியோடு போட்டியில் மோதும் மாணவன் செட்ரிக்கின் சாவில் ரத்தமில்லை. ஒரு பச்சை ஒளி, அவ்வளவுதான். அந்த உடலைக் கட்டிப்பிடித்தபடி ஹாரி போட்டி மைதானத்துக்குத் திரும்பும்போது, விஷயம் தெரியாமல் வாத்தியம் முழங்குகிறது, கூட்டம் ஆரவாரிக்கிறது. பிறகு ஒவ்வொருவராக அடங்குகிறார்கள். மகனைக் கண்ட தந்தை கதறுகிறார். கேளிக்கைப் படங்கள் பலவற்றில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் சாய்வார்கள், அழ ஒருவரும் இருக்கமாட்டார்கள். இங்கே ஒரு சாவுக்கு உரிய துக்கம் கிடைக்கிறது. (தொடக்கத்தில் கொல்லப்படும் கிழத் தோட்டக்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.) பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைப் பார்ப்பதில் தவறே இல்லை, பார்ப்பது நல்லது என்றே சொல்வேன்.

சிக்கல் இப்போது வேறொரு பக்கம் இருக்கிறது. 2001இல் முதல் படத்தை எட்டு வயதில் பார்த்தவர், நான்காவது வந்தபோது பன்னிரண்டை எட்டியிருந்தார். படம் இருண்டபோது பார்ப்பவரும் வளர்ந்திருந்தார். இன்று எட்டுப் படங்களும் வீட்டுத் திரையில் வரிசையாகக் காத்திருக்கின்றன. விடுமுறையில் நாளுக்கு ஒன்று என்று ஆரம்பிக்கும் எட்டு வயதுப் பிள்ளை, அதே வாரத்தில் செட்ரிக்கின் பிணத்தின் முன் உட்கார்ந்திருக்கும். எந்தச் சான்றிதழும் இதைத் தடுக்காது.

ஆகவே பெற்றோருக்கு ஒன்று சொல்வேன். பத்து வயதுக்குள் இந்தப் படம் வேண்டாம். மூன்றாவது படத்தோடு நிறுத்தி, ஓரிரு வருடம் கழித்துத் தொடருங்கள். அப்போதும் படம் முழுக்கப் பக்கத்திலேயே இருங்கள். நெவில் ஏன் அப்படி வெளிறினான் என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும்.